ஆங்கிலிக்கன் அடக்கப் பதிவேட்டில் முன்னோரைத் தேடுவது: மெட்ராஸ் மாகாணத்துக்கு ஒரு வழிகாட்டி

குடும்ப வரலாறு தேட ஆரம்பிக்கும் பலர் முதலில் செய்வது, ஏதாவது ஒரு இணையதளத்தில் கொள்ளுத்தாத்தாவின் பெயரைப் போட்டுப் பார்ப்பது. இந்தியா, மெட்ராஸ், அடக்கம், 1870-லிருந்து 1890-க்குள் என்று எல்லாம் சரியாகக் கொடுத்தும் ஒன்றும் வராது, வந்தால் ஏதோ ஒரு வெள்ளைக்கார சார்ஜென்ட் பெயர் வரும். உடனே "பதிவே இல்லை, கரையான் தின்றிருக்கும்" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அவசரப்பட வேண்டாம். இணையத்தில் இருப்பது பெரும்பாலும் லண்டனுக்கு அனுப்பிய நகல். உங்கள் முன்னோர் தமிழ்க் கிறிஸ்தவராக இருந்தால் அந்த நகலில் அவர் பெயர் ஏறியிருக்கும் என்று எதிர்பார்க்கவே கூடாது, ஆனால் ஊர்ச் சர்ச்சின் பீரோவில் இருக்கும் மூலப் பதிவேட்டில் அவர் இருக்கலாம். எந்தப் பதிவேடு யாருக்காக எழுதப்பட்டது என்று தெரிந்துகொண்டால்தான் எங்கே தேடுவது என்பதே புரியும்.

நகல் எப்படி உண்டானது என்பதிலிருந்து ஆரம்பிக்கிறேன். செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் செயின்ட் மேரீஸ் சர்ச் 1680 அக்டோபர் 28-ல் பிரதிஷ்டை ஆனது. ஒரு வாரம் கழித்து, நவம்பர் 4-ல், பிற்பாடு மெட்ராஸ் கவர்னரான எலிஹு யேல் அங்கே கல்யாணம் செய்துகொண்டார், அந்தச் சர்ச்சின் கல்யாணப் பதிவேட்டில் முதல் பதிவு அதுதான். ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் மூன்றையும் எழுதி வைப்பது ஆங்கிலிக்கன் சபையின், அதாவது இங்கிலாந்துத் திருச்சபையின், குருவுக்குக் கடமை. இந்தக் கணக்கு கிழக்கிந்தியக் கம்பெனி நிர்வாகத்துக்கும் வேண்டியிருந்தது, ஏனென்றால் அதன் ஊழியர் ஒருவர் இங்கே செத்துப்போனால் அவர் விட்டுப்போன பொருளை ஏலம் போட்டுக் கடனை அடைத்து மிச்சத்தை இங்கிலாந்தில் இருக்கும் வாரிசுக்குச் சேர்க்க வேண்டும், விதவை இருந்தால் உதவி நிதிக்கு யார் தகுதி என்று பார்க்க வேண்டும். அதனால் பதிவுகளை நகலெடுத்து லண்டனுக்கு அனுப்பினார்கள். மெட்ராஸ் நகல்கள் 1698-லிருந்தும், பம்பாய் 1709-லிருந்தும், வங்காளம் 1713-லிருந்தும் இருக்கின்றன. இன்றைக்கு இவை பிரிட்டிஷ் லைப்ரரியின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் இருக்கின்றன, மெட்ராஸுக்கான வரிசை எண் என்/2. ஃபைண்ட்மைபாஸ்ட் தளத்தில் பணம் கட்டிப் பக்கங்களின் படத்தையே பார்க்கலாம். ஃபேமிலிசெர்ச் தளத்தின் அட்டவணையும், ஃபிபிஸ் என்று சுருக்கமாகச் சொல்லும் பிரிட்டிஷ் இந்தியக் குடும்பங்கள் சங்கத்தின் தேடுபொறியும் இலவசம்.

இந்த நகல்களில் யார் இருக்கிறார்கள்? அரசாங்கச் சம்பளம் வாங்கிய குருமார்களான சாப்ளின்கள் நடத்திய சர்ச்சுகளில் அடக்கம் ஆனவர்கள். அதாவது ஐரோப்பியர்கள், ஆங்கிலோ இந்தியர்கள், ராணுவக் குடும்பங்கள். இந்தியக் கிறிஸ்தவர்களும் அங்கங்கே வருகிறார்கள், ஆனால் மிஷனரிகள் நடத்திய ஊர்ச் சபைகளின் பதிவேடுகள் லண்டன் நகலுக்குள் வருவது குறைவு. உங்கள் குடும்பம் ஆங்கிலோ இந்தியக் குடும்பமாக இருந்தால், அல்லது கொள்ளுப்பாட்டி ஒருவர் கோட்டைச் சிப்பாயைக் கட்டியவர் என்று வீட்டில் பேச்சு இருந்தால், என்/2 உங்களுக்குப் பொன். திருநெல்வேலிப் பக்கம் நாசரேத்திலோ மெஞ்ஞானபுரத்திலோ பிறந்த தமிழ்க் குடும்பம் என்றால் அங்கே நேரத்தைச் செலவழிக்க வேண்டாம், கீழே அதைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன்.

இன்னொரு விஷயம். சாப்ளின் எழுதியதைப் பதிவாளர் அலுவலகத்தில் ஒரு குமாஸ்தா பார்த்து எழுதி, அதுதான் கப்பல் ஏறியது. இன்று இணையத்தில் தேடும்போது கிடைக்கும் அட்டவணை அந்த நகலைப் பார்த்து வேறொருவர் தட்டச்சு செய்தது. ஒவ்வொரு கை மாறும்போதும் பெயர் கொஞ்சம் திரிகிறது, தேதி ஒரு வரி கீழே இறங்கிவிடுகிறது. பெயரை ஒரே எழுத்துக்கூட்டலில் தேடி இல்லை என்றதும் விட்டுவிடாதீர்கள். முதலெழுத்தை மாற்றிப் பாருங்கள், குடும்பப் பெயரை விட்டுவிட்டு வருடத்தையும் ஊரையும் மட்டும் போட்டுப் பாருங்கள், அதிலும் கிடைக்கவில்லை என்றால் அட்டவணையை மறந்துவிட்டு அந்த வருடத்துப் பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டுங்கள். அலுப்பான வேலைதான், ஆனால் சரியான ஆள் பலமுறை அப்படித்தான் அகப்படுகிறார்.

1700-களின் பதிவில் தேதியும் பெயரும், கூட ஒரு சொல்லில் சிப்பாய், மாலுமி என்ற குறிப்பும் இருந்தாலே அதிர்ஷ்டம். இங்கிலாந்தில் 1813-லிருந்து அச்சடித்த படிவம் வந்தது, அப்புறம் இங்கேயும் கட்டம் போட்ட பதிவேடுகள் வந்தன. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இறந்த நாள், அடக்கம் செய்த நாள், வயது, தொழில், மரணத்தின் காரணம், நடத்திய குருவின் கையெழுத்து எல்லாம் கிடைக்கும். இங்கிலாந்தின் பாரிஷ் அடக்கப் பதிவேட்டுப் படிவத்தில் மரணக் காரணத்துக்கு இடமே கிடையாது, அந்த வகையில் இங்கே தேடுபவருக்குக் கூடுதல் செய்தி கிடைக்கிறது. வயதை மட்டும் அப்படியே நம்பக் கூடாது. செத்தவர் வந்து வயது சொல்ல மாட்டார், பக்கத்தில் நின்ற யாரோ குத்துமதிப்பாகச் சொன்னதுதான் எழுதப்பட்டிருக்கும். முப்பது, நாற்பது என்று முழு எண்ணாக இருந்தால் முன்பின் ஐந்து வருடமாவது தள்ளி ஞானஸ்நானப் பதிவைத் தேடுங்கள்.

யாரெல்லாம் இந்தப் பதிவேட்டுக்குள் வரவே முடியாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். 1662-ஆம் வருடத்துப் பொது ஜெபப் புத்தகத்தின் விதிப்படி ஞானஸ்நானம் பெறாமல் இறந்தவருக்கும், சபையிலிருந்து விலக்கப்பட்டவருக்கும், தற்கொலை செய்துகொண்டவருக்கும் அந்த அடக்க ஆராதனை கிடையாது. ஆராதனை இல்லையென்றால் பதிவும் பெரும்பாலும் இல்லை. பிறந்த அன்றே செத்த குழந்தை இந்தப் பதிவேட்டில் காணாமல் போவதற்குக் காரணம் இதுதான், அந்தக் குழந்தை இருந்ததே இல்லை என்று அர்த்தமாகாது. ஐரிஷ் சிப்பாய்களில் நிறையப் பேர் கத்தோலிக்கர்கள், அவர்களுக்குக் கத்தோலிக்கப் பதிவேடுகளைப் பார்க்க வேண்டும். கப்பலில் செத்தவர் கப்பலின் குறிப்பேட்டில் இருப்பார். போர்க்களத்தில் விழுந்தவர் படைப்பிரிவின் இழப்புப் பட்டியலில் இருப்பார்.

சாப்ளின் இல்லாத உள்ளூர்களில் கலெக்டரோ படை அதிகாரியோ ஜெபத்தை வாசித்து அடக்கம் செய்துவிடுவார்கள். இந்த ஊர் வெயிலில் உடலை வைத்துக்கொண்டு குருவுக்குக் காத்திருக்க முடியாது. செய்தி மெதுவாக வேறு ஊர் சாப்ளினுக்குப் போய், அவர் பிற்பாடு தன் ஏட்டில் ஏற்றுவார். பதிவில் இருக்கும் ஊரை உடனே செத்த ஊர் என்று எடுத்துக்கொண்டால் சிக்கல் வருவது இதனால்தான். இதற்குத் தாமஸ் மன்றோவை விடத் தெளிவான உதாரணம் கிடையாது. மெட்ராஸ் கவர்னராக இருந்த அவர் 1827 ஜூலை 6-ல் பத்திக்கொண்டாவில் காலராவில் இறந்தார், குத்தியில் புதைத்தார்கள், பிறகு 1831-ல் எலும்புகளை எடுத்து வந்து செயின்ட் மேரீஸ் சர்ச்சுக்குள் வைத்தார்கள். ஒரு மனிதர், மூன்று ஊர், இரண்டு அடக்கம். கவர்னர் என்பதால் நமக்கு எல்லாம் தெரிகிறது. உங்கள் முன்னோர் ஒரு சாதாரண ரைட்டர், அதாவது குமாஸ்தா, என்றால் மூன்றில் ஒரு துண்டுதான் கையில் கிடைக்கும், மற்ற இரண்டையும் நீங்கள்தான் தேடிப் பிடிக்க வேண்டும்.

கல்லறைக் கல்லும் அப்படித்தான் ஏமாற்றும். செயின்ட் மேரீஸ் சர்ச்சைச் சுற்றித் தரையில் பதித்திருக்கும் கல்லறைக் கற்களைப் பார்த்துவிட்டு "இங்கேதான் புதைத்திருக்கிறார்கள்" என்று நினைப்பவர்கள் அதிகம். பழைய இடுகாடு இன்றைய உயர்நீதிமன்றம், பழைய சட்டக் கல்லூரி வளாகத்தில் இருந்தது. 1758 டிசம்பரிலிருந்து 1759 பிப்ரவரி வரை தளபதி லாலியின் பிரெஞ்சுப் படை கோட்டையை முற்றுகையிட்டபோது அந்தச் சமாதிகளின் மறைவில் நின்று தாக்கினார்கள். முற்றுகை முடிந்ததும் இங்கிலீஷ்காரர்கள் சமாதிகளை இடித்துக் கற்களைச் சர்ச்சுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். யேலின் மகன் அடக்கமான சமாதி மாதிரி ஒன்றிரண்டு மட்டும் அதே இடத்தில் மிஞ்சின. ஆக, கல் ஒரு இடம், உடல் வேறு இடம். அந்தக் கற்களில் 1652-ல் இறந்த எலிசபெத் பேக்கரின் கல்லும் இருக்கிறது, அது சர்ச் கட்டுவதற்கே 28 வருடம் முந்தியது. பதிவேடு தொடங்குவதற்கு முன்னால் இருந்தவர்களுக்குக் கல் ஒன்றுதான் சாட்சி. சிதைந்துபோன கற்களின் வாசகங்களையும் சில சமயம் மீட்க முடியும், ஏனென்றால் 1905-ல் ஜே. ஜே. காட்டன் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி மெட்ராஸ் மாகாணக் கல்லறை வாசகங்களைத் தொகுத்து அரசாங்கம் அச்சிட்டது. பதிவேட்டையும் அந்தத் தொகுப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

தேதி விஷயத்தில் 1752-க்கு முந்தைய பதிவுகளில் கவனமாக இருக்க வேண்டும். அதுவரை இங்கிலீஷ்காரர்கள் பழைய ஜூலியன் நாள்காட்டியில் இருந்தார்கள், புது வருடம் மார்ச் 25-ல்தான் பிறக்கும். பிப்ரவரி 1710 என்று எழுதியிருந்தால் நம் கணக்கில் அது 1711 ஆகலாம். இதைக் கவனிக்காவிட்டால் ஜூன் 1710-ல் பிறந்த குழந்தை பிறப்பதற்கு முன்பே செத்துப்போனதாகக் கணக்கு வரும், நாமும் அது வேறு குழந்தை என்று தள்ளிவிடுவோம். பாண்டிச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களும், 1700-க்குப் பிறகு தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்களும் புதிய நாள்காட்டியில் இருந்ததால், 18-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் ஒரே நாளுக்கு மெட்ராஸில் ஒரு தேதி, பாண்டிச்சேரியில் 11 நாள் தள்ளி இன்னொரு தேதி. அந்தக் காலத்து வியாபாரிகளும் சிப்பாய்களும் மூன்று ஊருக்கும் போய் வந்துகொண்டிருந்தவர்கள். அதே மாதிரி 1746-லிருந்து 1749 வரை மெட்ராஸ் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது, இங்கிலீஷ் தலைமையிடம் கடலூர் செயின்ட் டேவிட் கோட்டைக்கு மாறி 1752 வரை அங்கேயே இருந்தது. அந்த வருடங்களுக்குக் கடலூரைப் பார்க்காமல் இருக்க முடியாது.

சரி, இத்தனை குறைகளோடு இருக்கும் அடக்கப் பதிவேட்டை எதற்காகப் பார்க்க வேண்டும், ஞானஸ்நானமும் கல்யாணமும் போதாதா? போதாது என்பேன். தப்பான ஆளைக் குடும்ப மரத்திலிருந்து இறக்குவதற்கு இதை மிஞ்சிய ஆவணம் இல்லை. ஜான் என்று ஒரு குழந்தையின் ஞானஸ்நானம் கிடைத்துவிட்டது, அப்பா அம்மா பெயர் பொருந்துகிறது, சந்தோஷமாக மரத்தில் ஏற்றிவிடுவோம். அந்த ஜான் எட்டு மாதத்தில் இறந்துபோய், இரண்டு வருடம் கழித்துப் பிறந்த தம்பிக்கு அதே பெயரை வைத்திருப்பார்கள். நம் வீடுகளிலும் இது புதிதில்லை, போன பிள்ளையின் பெயரை அடுத்த பிள்ளைக்கு வைப்பது எல்லா ஊரிலும் நடந்ததுதான். ஞானஸ்நானப் பதிவு ஒன்று கிடைத்ததும் அதே பெயரில் அடுத்த ஐந்தாறு வருடத்துக்கு அடக்கப் பதிவைப் பார்த்துவிட்டு அப்புறம் மரத்தில் ஏற்றுங்கள். இந்த ஒரு பழக்கம் இல்லாததால் தலைமுறையே தப்பாகப் போன குடும்ப மரங்கள் இணையத்தில் ஏராளம், அவற்றைப் பார்த்து நகலெடுப்பவர்கள் அதைவிட ஏராளம்.

விதவைகளைக் கண்டுபிடிக்கவும் இதுதான் வழி. படைமுகாமில் கணவன் செத்தால் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் அங்கே இடமில்லை, ஊருக்குத் திரும்ப வழியில்லை, அதனால் சில மாதங்களிலேயே அதே படையில் இன்னொருவரைக் கட்டிக்கொள்வது சகஜம். கணவனின் அடக்கத் தேதி கிடைத்ததும் அதற்கடுத்த ஒரு வருடத்துக் கல்யாணப் பதிவுகளில் விதவை என்று குறித்திருக்கும் பெண்களைப் பாருங்கள். பிள்ளைகள் மாற்றாந்தகப்பனின் குடும்பப் பெயரில் வளர்ந்திருக்கலாம். திடீரென்று மறைந்துபோன ஒரு குடும்பம் இன்னொரு பெயரில் அங்கேயே இருக்கும்.

சிப்பாயோடு வாழ்ந்த தமிழ்ப் பெண்ணின் கதை இன்னும் கடினம். அவள் ஞானஸ்நானம் பெற்று மேரி, ஆன் என்று ஒரு பெயர் வாங்கியிருந்தால் அந்த ஒற்றைப் பெயரோடு, குடும்பப் பெயர் இல்லாமல், சுதேசிப் பெண் என்ற குறிப்போடு இருப்பாள். ஞானஸ்நானம் பெறாமல் போனால் இந்தப் புத்தகத்தில் அவளுக்கு இடமே இல்லை. அவள் பெற்ற பிள்ளைகளின் பெயர் எல்லாம் இருக்கும், பெற்றவள் பெயர் இருக்காது. இது என்னை ஒவ்வொரு முறையும் வருத்துகிறது. அவளைத் தேட வேண்டிய இடம் ஆணின் உயில். இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் எல்/ஏஜி/34 வரிசையில் உயில்களும் சொத்துப் பட்டியல்களும் இருக்கின்றன. என் பிள்ளைகளின் தாய்க்கு இவ்வளவு என்று பணம் ஒதுக்கிய உயில்கள் அங்கே உண்டு, சிலவற்றில் பெயரும் உண்டு. அடக்கத் தேதி தெரிந்தால் உயில் நிரூபிக்கப்பட்ட காலத்தைக் கணக்கிட்டுத் தேடுவது சுலபம்.

தேடிய வரி கிடைத்ததும் பக்கத்தை மூடிவிடாதீர்கள். மேலும் கீழும் படியுங்கள். ஒரே வாரத்தில் ஒரே படைப்பிரிவிலிருந்து வரிசையாக அடக்கங்கள், காரணம் காலரா என்றால், உங்கள் ஆள் எந்தச் சூழலில் செத்தார் என்று அந்தப் பக்கமே சொல்லிவிடும். அதே குடும்பப் பெயரில் இன்னும் இரண்டு குழந்தைகள் அதே மாதத்தில் இருக்கலாம். அந்தப் படைப்பிரிவு அடுத்த வருடம் எந்த ஊர்ப் பதிவேட்டில் வருகிறது என்று தொடர்ந்து போனால் மிச்சமிருந்த குடும்பம் எங்கே போயிற்று என்பதும் தெரியவரும்.

இனி தமிழ்ச் சபைகள். தஞ்சாவூர், திருச்சி, வேப்பேரி மிஷன்களை ஆரம்ப காலத்தில் எஸ்.பி.சி.கே. என்ற ஆங்கிலிக்கன் சங்கம் பணம் கொடுத்து நடத்தியது, ஆனால் வேலை செய்தவர்கள் ஜெர்மன் லுத்தரன் குருமார்கள். தஞ்சாவூரில் 1798-ல் இறந்த ஸ்வார்ட்ஸ் ஐயரும் அப்படிப்பட்டவரே. 1820-களின் நடுவில் இவை எஸ்.பி.ஜி. என்ற இன்னொரு ஆங்கிலிக்கன் மிஷனரி சங்கத்துக்குக் கைமாறின. திருநெல்வேலியில் எஸ்.பி.ஜி.யும், அதே மாதிரி ஆங்கிலிக்கன் மிஷனரி சங்கமான சி.எம்.எஸ்.ஸும் ஊர்களைப் பிரித்துக்கொண்டன. முதலூர், நாசரேத், இடையன்குடி, சாயர்புரம் எஸ்.பி.ஜி. பக்கம், மெஞ்ஞானபுரம், டோனாவூர் சி.எம்.எஸ். பக்கம். 1896-ல் ஒரு பேராயரின் எல்லையாகத் திருநெல்வேலித் திருமண்டலம் உண்டானது, 2003-ல் அதிலிருந்து தூத்துக்குடி-நாசரேத் திருமண்டலம் பிரிந்தது. எந்தச் சேகரம், அதாவது ஒரு குருவின் பொறுப்பில் இருக்கும் ஊர்ச் சபைகள், இன்று எந்தத் திருமண்டலத்தில் என்று தெரியாமல் போனால் ஒரு அலுவலகம் இன்னொரு அலுவலகத்துக்குக் கைகாட்டும்.

இதைவிடப் பெரிய குழப்பம் ஒன்று உண்டு. இன்று சி.எஸ்.ஐ. என்றால் அன்று ஆங்கிலிக்கன் என்று அர்த்தமில்லை. 1947 செப்டம்பர் 27-ல் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், காங்கிரிகேஷனல், பிரஸ்பிட்டேரியன் சபைகள் சேர்ந்து உண்டானதுதான் சி.எஸ்.ஐ. என்ற தென்னிந்தியத் திருச்சபை. நாகர்கோவில் பக்கம் லண்டன் மிஷன், மதுரைப் பக்கம் அமெரிக்கன் மிஷன். யாழ்ப்பாணத்திலும் நல்லூரில் சி.எம்.எஸ்., வட்டுக்கோட்டையில் அமெரிக்கன் மிஷன். லண்டன் மிஷன், அமெரிக்கன் மிஷன் குடும்பங்களுக்கு ஆங்கிலிக்கன் பதிவேட்டைத் தேடினால் கிடைக்காது. மிஷன் சங்கங்களின் கடிதங்கள் இங்கிலாந்தில் இருக்கின்றன, சி.எம்.எஸ். பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில், எஸ்.பி.ஜி. ஆக்ஸ்போர்டில், லண்டன் மிஷன் லண்டன் பல்கலைக்கழகத்தின் சோவாஸ் நூலகத்தில். ஆனால் அடக்கப் பதிவேட்டுக்கு முதலில் கேட்க வேண்டிய இடம் நம் ஊர்ச் சேகரம்தான்.

அந்தப் பதிவேட்டைப் படிக்க வேறு பழக்கம் வேண்டும். பழைய தமிழ்க் கையெழுத்தில் புள்ளி இருக்காது, எகர ஏகாரம் ஒன்றாகத் தெரியும், துணைக்காலும் ரகரமும் ஒரே வடிவம். தமிழ் எண்களும், நாள் மாதம் வருடத்துக்கு ௳, ௴, ௵ என்ற குறிகளும் வந்தால் திகைக்க வேண்டாம், இரண்டு மூன்று பக்கம் படித்தால் கண் பழகிவிடும். ஆங்கிலத்தில் எழுதிய ஏடு என்றால் ஞானமுத்துவின் முதலெழுத்தை ஒருவர் ஜி-என் என்றும் இன்னொருவர் என்-ஒய் என்றும் எழுதியிருப்பார்கள். பெரியவராக ஞானஸ்நானம் பெற்றவர் அடக்கப் பதிவில் புதுப் பெயரில்தான் இருப்பார். சுடலைமுத்து என்று பத்திரத்தில் இருக்கும் தாத்தா இங்கே வேதமாணிக்கமாக இருக்கலாம், இரண்டையும் இணைக்க ஞானஸ்நானப் பதிவேடு வேண்டும். வேதமாணிக்கங்கள் ஒரு ஊரில் நாலு பேர் இருப்பார்கள், தகப்பன் பெயரும் தெருவும் இல்லாமல் யாரையும் உறுதி செய்யாதீர்கள். குக்கிராமங்களில் குருவானவர் வரும்வரை காத்திருக்காமல் ஊரில் சபையைக் கவனிக்கும் உபதேசியாரே ஜெபித்து அடக்கம் செய்வார், சேகரத்துப் புத்தகத்தில் அது தாமதமாக ஏறும் அல்லது ஏறாமலே போகும். அப்படி விடுபட்டவர்களுக்குக் கிராம முன்சீப்பின் பிறப்பு இறப்புப் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். மெட்ராஸ் மாகாணத்தில் இதற்கென்று 1899-லேயே சட்டம் வந்துவிட்டது. ஊரிலேயே இல்லை என்றால் இலங்கைத் தோட்டங்களையும் யோசியுங்கள், அங்கே போன தமிழர்களுக்கென்று 1854-ல் தமிழ் கூலி மிஷன் தொடங்கப்பட்டது.

சேகரத்துக்குப் போகும்போது குருவானவருக்கு முன்கூட்டியே எழுதுங்கள், ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த நெரிசலில் போய் நிற்காதீர்கள். ஊர், தகப்பன் பெயர், உத்தேச வருடம் மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுங்கள். அனுமதி கிடைத்தால் பதிவேட்டை வளைக்காமல், வெளிச்சத்தில் வைத்து, பக்கத்தை முழுசாகப் படம் எடுங்கள், நம் பெயர் இருக்கும் வரியை மட்டும் வெட்டி எடுக்க வேண்டாம். புத்தகத்தின் அட்டை, வருடம், பக்க எண் ஆகியவற்றையும் படமெடுங்கள், லண்டன் நகல் என்றால் என்/2-வுக்குப் பிறகு வரும் தொகுதி எண்ணையும் தாள் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். எடுத்த படங்களின் பிரதி ஒன்றை ஒரு பென் டிரைவில் போட்டுச் சேகரத்துக்குக் கொடுங்கள். பல ஊர்களில் அந்தப் பதிவேட்டுக்கு இரண்டாவது பிரதியே கிடையாது.